வத்து டிரைவரும் என் முகூர்த்தமும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எத்தனையோ பஸ் ஓடியிருக்கிறது. ஆனால், டிரைவருடைய வயிறு சம்மதித்தால்தான் கிளம்புவேன் என்று நின்ற பஸ் உலகத்திலேயே ஒன்றுதான். அதை ஓட்டியவர் வத்து டிரைவர். தெலுங்கில் 'வத்து' என்றால் வேண்டாம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சம்பளம் கொடுத்த முதலாளிக்காவது தெரியுமோ என்னவோ.

பிள்ளைகளே, அது வெள்ளைக்காரன் யுத்தம் நடந்த காலம். பெட்ரோலைக் கண்ணில் காட்டமாட்டார்கள். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் இருக்கும். அதில் கரியைப் போட்டு, கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை மூட்ட, அந்தப் புகையில் வண்டி ஓடும். ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மேடு வந்தால் டிக்கெட் வாங்கியவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். முன்சீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. அவர்கள் கடைசியாக இறங்கலாம்.

ஒருநாள் சித்தூரில் ஜனம் நிறைந்து, கூரைமேல் மாங்காய்க் கூடைகளும் ஏறி, கண்டக்டர் விசிலும் ஊதியாயிற்று. நம்மவர் கியரில் ஒரு கையை வைத்தார். இன்னொரு கையால் வயிற்றைத் தடவினார். "வத்து" என்று சொல்லிவிட்டு இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார்.

"யோவ், கோர்ட்டுக்குப் போவணும்யா! எனக்குக் கேசு கீது!" என்று ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"கேசு எங்கியும் ஓடிடாது சாமி. இத்த துன்னுட்டு வரேன்" என்று போண்டாவைத் தூக்கிக் காட்டினார் இவர்.

இரண்டாவது போண்டாவைக் கடிக்கும்போது, நின்ற இடத்திலேயே பஸ்ஸின் முன்சக்கரம் 'புஸ்' என்று உட்கார்ந்தது. கோர்ட்டுக்காரர் டயரைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். இறங்கி வந்து அவரும் ஒரு போண்டா வாங்கிக்கொண்டார்.

இப்படி நாலைந்து தடவை பலித்ததும் நம்மவருக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. எருமை வாங்கும்போதும் வயிற்றையே கேட்டு வாங்கினார்.

"எவ்ளோ கறக்குது?" என்று நான் விசாரித்தேன்.

"காப்பிக்கு ஆவுது."

"எத்தினி பேருக்கு?"

"எனக்கு மட்டும். அதுவும் கடுங்காப்பின்னா."

நான் அவருக்கு நேர் எதிர். ஒரு பனியன் வாங்க நாலு கடை ஏறி, ஒன்பது பேரைக் கேட்டு, கடைசியில் துண்டு வாங்கிக்கொண்டு வருவேன். எனக்கும் சேர்த்து முடிவெடுக்க என் தாய்மாமன் இருந்தார். அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்.

என் கல்யாணம் திருப்பதியில், பெண் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் முதல்நாளே போய் இறங்குவார்கள். மாமா பஞ்சாங்கத்தை விரித்தார். "சனிக்கிழம கெழக்கே சூலம். அந்தப் பக்கம் காலே வைக்கக்கூடாது!" என்றார். அதனால் ஞாயிறு விடியற்காலையில் பதினைந்து பேர் கரி பஸ்ஸில் ஏறினோம். ஓட்டியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

புத்தலப்பட்டு தாண்டியதும் வண்டி நின்றது. பக்கத்தில் நடக்கிற தூரத்தில் ரயில் ஸ்டேஷன்.

"வத்து. எல்லாரும் எறங்கி ரயிலப் புடிங்க. இப்ப வர்ற நேரந்தான்" என்றார் டிரைவர்.

"இன்னாய்யா ஒளர்ற? வண்டி நல்லாத்தானே ஓடிக்கினு கீது?" என்று மாமா எழுந்தார்.

"ஆபத்து ஒண்ணும் இல்ல சாமி. போய்ச் சேராது, அவ்ளோதான்."

"காரணம் இன்னா?"

"தெலியது" என்று தெலுங்கில் கைவிரித்தார் டிரைவர்.

"தெரியாதாமே! முகூர்த்தத்துக்குப் போறவன் பாதி வழியில எறங்கறது அபசகுனம். ஓட்டுய்யா!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். முகூர்த்தம் தவறினால் பெண் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? கேட்பதற்கு ஒன்பது பேரும் இல்லை, நேரமும் இல்லை. டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, பொண்ணு பாக்கப் போனியே, சரின்னு எப்பத் தெரிஞ்சிது?"

"தண்ணி குட்த்தாங்க. சொம்பு கை வழுக்கி வேட்டியெல்லாம் நனைஞ்சிடுச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க மட்டும் சிரிக்காம இன்னொரு சொம்பு கொண்ணாந்தாங்க. அப்பவே."

"யாரு சொன்னது? பஞ்சாங்கமா?"

"யாரும் சொல்லல."

"அவந்தான் எனக்கும் சொல்றான். எறங்கு நைனா."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். மாமா மடியிலிருந்த தாலிப் பையைப் பறித்துக்கொண்டு கீழே குதித்தேன். "டேய்! டேய்!" என்று மாமாவின் குரல் பின்னால் வந்தது. என் அப்பாவும் அம்மாவும் குதித்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர். மாமாவும் அவர் கட்சிக்காரர்கள் மூவரும் பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாங்கள் ஓடிய ஓட்டத்தை அந்த ஊர் நாய்கள் மறந்திருக்காது. ரயில் ஊதிக்கொண்டே உள்ளே வந்தது. பத்து மணிக்குத் திருப்பதி. பதினொன்றுக்குத் தாலி கட்டினேன். மேளம் கொட்டியபோது எனக்கு ஒரு ராஜ்யத்தைப் பிடித்த மாதிரி இருந்தது.

பஸ் அடுத்த மேட்டில் படுத்துவிட்டது. கட்சிக்காரர்கள் மூவரையும் அங்கேயே காவல் வைத்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்குக் கல்யாண வீட்டு வாசலில் கரிக்கட்டை மாதிரி இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் மாமா, ஒருவர் டிரைவர். எவர் யார் என்று பெற்றவர்களுக்கே தெரியாது. என் மாமனார், "வாங்க, வாங்க" என்று ஓடிப்போய் டிரைவருக்குச் சந்தனம் பூசி மாலையைத் தூக்கினார்.

"வத்து, வத்து!" என்று அலறினார் அவர். அன்றைக்கு மட்டும் அவருடைய வத்துவை ஒருவரும் கேட்கவில்லை. மாலை விழுந்துவிட்டது.

மாமா பாயசம் குடித்துத் தெம்பு வந்தபிறகு, "பஞ்சாங்கத்துல எல்லாம் சரியாத்தான் போட்டுக் கீது. நாந்தான் ஒரு பக்கம் தள்ளிப் பாத்துட்டேன்" என்றார்.

ஒரு மாதம் கழித்து டிரைவர் கடைத்தெருவில் என்னை நிறுத்தினார். "அன்னிக்குக் கரி மூட்டயத் தூக்கறப்ப கொஞ்சம் கனமா இருந்துது நைனா. ஈரம் போல கீது. இப்பத்தான் நெனப்பு வந்துது."

வயிற்றுக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. வாய்க்கு வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. அதனால் பிள்ளைகளே, நாள் தவறாமல் நீங்கள் கைவைக்கிற வேலையில் உள்ளே ஒன்று 'வேண்டாம்' என்றால், காரணம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எருமை வாங்கும்போது மட்டும் நாலு பேரைக் கேளுங்கள்.

இப்போதும் திருப்பதி பஸ்ஸில் ஏறினால், டிரைவர் கியரில் கை வைக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் 'வத்து' என்று சொல்வதில்லை. வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.