ஏற்பளிக்கப்பட்ட பத்து மணி

அந்த அலுவலகத்தில் காலை பத்து மணி ஆவதற்கு மூன்று கையெழுத்து வேண்டும்.

விஷயம் இதுதான். மனு வாங்கும் மேசையில் ஒரு லினக்ஸ் கணினி. உள்ளிருந்த சின்ன பேட்டரி உயிரை விட்டுப் பல காலமாயிற்று. இரவு மின்சாரத்தை நிறுத்தினால் அதற்கு நேரம் மறந்துவிடும். ஆகவே கணினி இயக்குபவர் தினமும் காலையில், 'இப்போது மணி பத்து. ஏற்பளிக்கப் பணிந்து வேண்டுகிறேன்' என்று குறிப்பெழுதி மேலே அனுப்புவார். எழுத்தர் பார்த்து, கண்காணிப்பாளர் பார்த்து, அதிகாரியும் பார்த்துக் கோப்பு திரும்பும்போது ஊருக்கெல்லாம் மணி பத்து நாற்பது. இவர் கணினியில் பத்து என்று வைப்பார். கோப்பில் இருப்பதை மாற்ற இவர் யார்?

இதனால் யாருக்கும் கஷ்டமில்லை, இவரைத் தவிர. மற்றவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். இவர் தற்காலிகம், இவர் கிளம்பும் நேரத்தைக் கணினிதான் குறிக்கும். எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் மகள் காத்திருப்பாள் என்று ஐந்து மணிக்கு ஓடுவார். கணினி நாலு இருபது என்று எழுதிவைக்கும். மெமோ இரண்டு வந்தாயிற்று. மூன்றாவதும் வந்தால் ஆறு வருஷமாகக் காத்திருந்த பணிநிரந்தரம் அம்போதான். கண்காணிப்பாளரிடம் போனார்.

"சார், ஒரே ஒரு வரிக் கட்டளை. போட்டுட்டா, கணினியே இணையத்துல இருக்கிற நேர சர்வர்கிட்ட கேட்டுத் தானா சரி பண்ணிக்கும்."

"அந்த சர்வர் என்ன பதவியில இருக்கு?"

"பதவியெல்லாம் இல்ல சார். மெஷின்."

"நம்ம அதிகாரிக்கு மேலயா, கீழயா?"

"ரெண்டும் இல்ல சார். எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காம பதில் சொல்லும்."

"கேட்ட உடனேயா?"

"உடனே சார்."

கண்காணிப்பாளரின் முகம் சுருங்கியது. "அப்போ அது நிச்சயமா அரசாங்கத்தோடது இல்ல."

இருந்தாலும் மனிதர் கல்நெஞ்சக்காரர் அல்ல. கோப்பை மேலே தள்ளிவிட்டார். ஐந்து வாரத்தில் ஆணை வந்தது: 'நவீன தொழில்நுட்பத்தை வரவேற்கும் பொருட்டு, தானியங்கி நேர ஒத்திசைவுக்கு இதனால் அனுமதி வழங்கப்படுகிறது. கணினிகள் யாவும் நேரத்தை அதிகாரியின் கணினியிடமிருந்து மட்டுமே பெறுதல் வேண்டும்.'

அதிகாரியின் கணினிக்கு நேரம் எங்கிருந்து வரும்? காலைக் கோப்பிலிருந்துதான்.

அன்றுமுதல் அலுவலகத்தின் பதினான்கு கணினிகளும் நொடி பிசகாமல் நாற்பது நிமிடம் பின்தங்கி ஓடின. வாசலில் பெரிய திரை வைத்து அந்த நேரத்தை ஊருக்கும் காட்டினார்கள். வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அவரவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டார்கள்.

இவருக்குப் பணிநிரந்தர ஆணையும் கிடைத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: கணினியில் ஐந்து ஆகாமல் நாற்காலியை விட்டு எழக்கூடாது.

அன்று பள்ளிக்கூடத்துக்குப் போனபோது மற்ற பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மகள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?"

"லேட்டு இல்லடா கண்ணு. இப்பத்தான் அஞ்சு."

சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. மகள் நம்பாமல் பள்ளிக் காவலாளியைப் பார்த்தாள். அவர் அன்று காலையில்தான் மனு கொடுக்க வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தார். கைக்கடிகாரத்தை நன்றாகப் பார்த்தார்.

"அப்பா சொல்றது சரிதான் பாப்பா. அஞ்சு ரெண்டு. நம்ம ஸ்கூல்லதான் நாப்பது நிமிஷம் முன்னாடியே மணி அடிச்சுட்டாங்க. நாளைக்கே போய் ஒரு மனு குடுத்துடறேன்."