என் ஆமீனில் தெரிவான வேட்பாளர்

ஜனவரி மாதம் பத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலைச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தேன். முகம் மழித்தேன். சப்பாத்தைத் துடைத்து வைத்தேன். முந்திய நாளின் நாட்குறிப்பை எழுதி முடித்தேன். கண்டி நகரில் இருக்கும் என் மருந்துக்கடைக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் வீட்டு முற்றத்தையும் ஒரு முறை கூட்டினேன். அன்று பகல் அதே வீட்டில் எதிர்க்கட்சி தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது. மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தவன் நான்.

மடவளையில் எங்கள் வட்டாரத்துக்கு நான்தான் அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர். (என்னிடம் என்ன தகுதியைக் கண்டார்கள் என்று கேட்காதீர்கள். கூட்டத்துக்கு நேரத்தோடு வந்து கதிரை அடுக்குகிறவன் வேறு யாரும் இல்லை.) பிரதேச சபைத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு எழும்பியிருந்தது. எங்கள் கட்சி அதற்கு முந்திய தேர்தலிலும் தோற்றிருந்தது. அதற்கும் முந்தியதிலும் தோற்றிருந்தது. ஒவ்வொரு முறையும் மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டு எல்லோரும் தேநீர் குடித்துக் கலைந்தோம்.

நன்றி கெட்ட மக்களாம்! இதை எழுதும்போதே இரத்தம் கொதிக்கிறது. (மாத்திரை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சொந்தக் கடை, பஞ்சமில்லை.) எங்கள் கட்சி கொள்கை வகுக்கும் அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். ஆளும் கட்சியின் துண்டுப்பிரசுரத்தை எடுப்பார்கள். நிறத்தை மாற்றுவார்கள். 'செய்கிறோம்' என்பதை 'செய்வோம்' என்று திருத்துவார்கள். கொள்கை தயார். வேட்பாளர் விடயம் இன்னும் சுலபம்: யாரிடம் பெரிய வாகனம் இருக்கிறதோ அவர். இரண்டு பேரிடம் இருந்தால், இரண்டு வாகனங்களில் புதியது.

வெல்வதற்கு இவ்வளவு மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை. தண்ணீர் நின்றால் சனங்கள் யாருக்கு டெலிபோன் எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவரை நிறுத்த வேண்டும். என்ன சொல்லி எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். அதைக் கொள்கையாக வைக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் அந்த டெலிபோன் என் தங்கை நஸ்ரீனுடையது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மலைச்சரிவில் இருக்கும் மேல் ரோட்டு வீடுகளுக்குக் குழாய் உண்டு, தண்ணீர் ஏறாது. பவுசர் லொறி வந்தால் தண்ணீர். வராவிட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். பவுசரை வரவழைப்பவள் நஸ்ரீன். அவள் படியேறுவதைக் கண்டால் சபையின் பெரிய உத்தியோகத்தர் பின்கதவால் இறங்கிவிடுவார். அந்தப் பின்கதவையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"காக்கா, இந்த முறை நான் எலக்ஷன் கேக்கிறேன்" என்று அவள் ஒரு நாள் அண்ணனாகிய என்னிடம் சொன்னாள். "பவுசருக்குக் கெஞ்சினது போதும். உள்ளுக்குப் போய் இருந்துதான் பம்பு வாங்கணும். நீங்க கூட்டத்த மட்டும் ஒழுங்கா வைங்கொ."

ஒழுங்கு! என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது.

கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை, தொகுதி அமைப்பாளர்தான் பேசுகிறார் என்பது என் நெடுநாள் மனக்குறை. ஆகவே புரட்சிகரமான ஒரு திட்டம் போட்டேன். எங்கள் கல்யாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் முறைப்படி, பகல் சாப்பாட்டோடு கூட்டம். ஒவ்வொரு சஹனிலும் மேல் ரோட்டார், கீழ் ரோட்டார், வியாபாரி, இளைஞர் என்று கலந்து உட்கார வேண்டும். சாப்பிட்டபடியே கலந்துபேசி, கடைசி இனிப்பான வட்டிலாப்பம் வருவதற்குள் ஒவ்வொரு சஹனும் ஒரு வேட்பாளரையும் ஒரு கொள்கையையும் சொல்ல வேண்டும். யார் எங்கே உட்காருவது என்று படம்கூட வரைந்தேன். கோப்பையைத் தட்டிவிடாத தூரத்தில் கை கழுவும் செம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

முதல் பிழை: புரியாணிக்கு இறைச்சி கொடுத்தவர் ஹார்ட்வெயார் கடை றவூப் முதலாளி. (புது வாகனம்.)

இரண்டாவது பிழையை நான் அன்று பிழையாகவே காணவில்லை.

அமைப்பாளர் இஸ்மத் ஹாஜியார் கண்டியிலிருந்து வந்து இறங்கினார். படத்தைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நல்ல ஏற்பாடு" என்று அதை மடித்து விசிறிக்கொண்டார். புரியாணி வந்தது. சனநாயகம் தொடங்கியது.

நான் சஹன் சஹனாகப் போய்க் காது கொடுத்தேன்.

"அந்தக் கால் துண்ட இந்தப் பக்கம் தள்ளுங்கொ."

"முட்டை எங்க? ஆறு பேருக்கு அஞ்சு முட்டையா?"

"அச்சாறு போதாது."

"கொள்கை, கொள்கை" என்று நான் நினைவூட்டினேன்.

"இருங்கொ செயலாளர்" என்றார் ஒருவர், வாயில் எலும்போடு. "மொதல்ல இதுக்கு ஒரு வழி பாப்போம்."

கட்சியின் பழைய ஆள் கணேசன் அண்ணன், நகரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "தம்பி, தங்கச்சிய எங்க காணோம்? அதுதானே நிக்கப் போகுதுன்னு சொன்னீங்க?"

"உள்ளே இருக்கிறா, அண்ணே. பொம்பளைகளுக்குப் பின்வீட்டில தனியா ரெண்டு சஹன். அதையும் படத்தில போட்டிருக்கிறேன்" என்றேன் பெருமையாக.

கணேசன் அண்ணன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சோற்றைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். புரியாணியைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விருந்தென்றால் பெண்களுக்குப் பின்வீடு. எனக்குப் பிறந்த நாள் முதல் தெரிந்த வழக்கம். வாக்காளர்களில் பாதிப் பேரையும் நிறுத்த வேண்டிய ஒரே வேட்பாளரையும் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, செம்பு நிற்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தேன்! அன்றைய என்னை இன்று பிடித்தால் அந்தச் செம்பாலேயே அடிப்பேன்.

முதல் சஹன் விரலை நக்கிக்கொண்டே அறிவித்தது: "முதலாளியையே போடுங்கொ." இரண்டாவது சஹன்: "அவர்தான்." மூன்றாவது சஹனில் முதலாளியே இருந்தார். அவர் தலையைக் குனிந்து, "நீங்க எல்லாரும் வற்புறுத்தினா..." என்றார். வற்புறுத்தியதாக எனக்கு நினைவில்லை.

"கொள்கை?" என்றேன்.

"ஆளுங்கட்சி செய்யாத எல்லாத்தையும் நாங்க செய்வோம்" என்றார் ஹாஜியார். "இதவிட என்ன வேணும்?"

"மேல் ரோட்டுத் தண்ணி?"

"எல்லாத்துக்குள்ள தண்ணியும் ஈக்குதானே!"

அடுத்த கணம் ஹாஜியார் இரண்டு கைகளையும் ஏந்தித் துஆ ஓதத் தொடங்கினார். எங்கள் ஊரில் கூட்டம் முடிவதும் முடிவு உறுதியாவதும் துஆவோடுதான். ஏந்திய கையை யாரும் மறித்துப் பேச மாட்டார்கள். ஹாஜியாருக்கு அது நன்றாகத் தெரியும். "யா அல்லாஹ், எங்கள் வேட்பாளர் றவூப் முதலாளிக்கு வெற்றியைத் தருவாயாக!"

"ஆமீன்!"

அந்தக் குரல் எங்கே இருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று பழகிய தொண்டை. துஆவைக் கேட்டால் என்னிடம் அனுமதி கேட்காது. என் பின்னால்தான் மற்றவர்கள் சொன்னார்கள். மரியாதைக்காகக் கணேசன் அண்ணனும் சொன்னார்.

நஸ்ரீன் வட்டிலாப்பத் தட்டோடு வாசலில் நின்றாள். அவள் பின்னால் மேல் ரோட்டுப் பெண்கள்.

"தங்கச்சி, வாங்கொ வாங்கொ" என்றார் ஹாஜியார். "உங்களயும் நாங்க மறக்கல்ல. வட்டாரத்தில நிக்காம மேலதிகப் பட்டியல்ல ஒரு பேர் போடுறோம். பொம்பளைங்க கட்டாயம் ஈக்கணும் எண்டு சட்டம்தானே."

"சட்டம் இல்லாட்டி?" என்றாள் அவள்.

ஹாஜியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "நாங்களும் உள்ளுக்குச் சாப்பிட்டோம், ஹாஜியார். ஒரே ஆள், ஒரே விசயம், சோறு ஆற முந்தி முடிவெடுத்துட்டோம். வந்து சொல்லுங்க எண்டு யாராவது கூப்பிடுவாங்க எண்டு பாத்துக்கொண்டு ஈந்தோம்." தட்டை என் கையில் வைத்தாள். "காக்கா, உங்கட ஆமீன் பின்வீட்டுக்கு நல்லாக் கேட்டது."

வட்டிலாப்பத்தை நான்தான் பரிமாறினேன். எல்லோரும் இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டார்கள். கட்சிக்கு அன்று குறை எதுவும் இருக்கவில்லை.

பிறகு நடந்ததை ஊரே அறியும். முதலாளி தோற்றார். மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று மறுபடியும் தீர்மானம் நிறைவேறியதாகக் கேள்வி. நான் அங்கே இருக்கவில்லை. நஸ்ரீன் சுயேச்சைக் குழுவில் தேர்தல் கேட்டு வென்றாள். பம்புக்காகச் சபையில் இன்னும் சண்டை பிடிக்கிறாள்; தண்ணீர் இப்போது மேல் ரோட்டின் பாதி வரை ஏறுகிறது. எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டில் துஆ ஓதினாலும் யாராவது ஒருவர் என் முழங்கையில் இடிப்பது வழக்கமாகிவிட்டது: "மாமா, எதுக்கு எண்டு கேட்டுட்டுச் சொல்லுங்கொ." போன மாதம் மருமகனின் நிச்சயதார்த்தத்தில், இமாமே ஓதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. கடை திறக்கும் முன் முதல் வேலையாக, கிளைச் செயலாளர் பதவியை விட்டுவிட்டதாக ஹாஜியாருக்கு டெலிபோனில் சொல்லிவிட்டு, நஸ்ரீனோடு மேல் ரோட்டுக்கு ஏறினேன். கடைசி வீடு சுபைதா மாமியுடையது. நான் வழக்கம் போல முன்வாசலுக்குப் போனேன். நஸ்ரீன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, வீட்டைச் சுற்றிப் பின்னால் சமையல் நடக்கும் குசினி வாசலுக்குக் கொண்டுபோனாள். படியில் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அரசியலில் நான் அதுவரை யாரிடமும் கேட்டிராத கேள்வியைக் கேட்டேன்.

"மாமி, உங்களுக்கு என்ன வேணும்?"

மாமி விறகோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொதல்ல கொஞ்சம் தள்ளி இரிங்கொ மகன். நான் உள்ளுக்குப் போகணும்."

தள்ளி உட்கார்ந்தேன்.