டபுள் தையலும் என் கேமரா பையும்

பயப்படுவதற்கென்று சர்க்காரில் ஓர் உத்தியோகம் இருந்திருந்தால், அதில் சேர்ந்த மறுவருஷமே தலைமைப் பதவிக்குப் போயிருப்பார் எங்கள் டபுள் தையல். ராயபுரத்தில் லாரி தார்ப்பாய் தைப்பவர். எதையும் ஒரு தடவை தைத்தால் அவருக்கு மனசு ஆறாது. மேலே இன்னொரு தையல் ஓட்டுவார். சட்டைப் பட்டனைக்கூட மீன்வலை நரம்பில்தான் தைத்திருப்பார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

நான் திருவொற்றியூரில் கல்யாண போட்டோ எடுப்பவன். லீவு கிடைத்தால் மலையேறிப் பறவைகளைப் படம் பிடிக்கும் கிறுக்கும் உண்டு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பெரிய கேமராவும் முழ நீள லென்ஸும் வாங்கியிருந்தேன். அது போனால் பிழைப்பே போச்சு. அப்பேர்ப்பட்டதைச் சுமந்த கடைப் பையின் தோள்வார், பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் படிக்கட்டில் பட்டென்று அறுந்தது. நல்லவேளை, ஓர் அம்மாளின் கருவாட்டுக் கூடையில் விழுந்தது. அப்புறம் ஒரு மாதம் எந்த மணப்பெண்ணும் என் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கவில்லை. நானோ பையைத் தோளில் மாட்டாமல் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்தேன்.

கடைசியில் டபுள் தையலிடம் போய், மலைக்குப் போகப் போவதைச் சொன்னேன்.

"மலைக்கா போற? ஏன் நைனா, வூட்ல எதுனா பேஜாரா?" என்றார்.

"கேமராவுக்கு நல்ல பை வேணும் அண்ணாத்தே. அறுந்துறக் கூடாது."

"கலரு பாத்து வாங்கினா அறுந்து போவாம இன்னா பண்ணும்? பைய உள்பக்கம் திருப்பிப் பாக்கணும். வாரு வந்து சேர்ற எடம் கீதே, அங்கதான் எமன் குந்திகினு கீறான். அப்பால ஜிப்பு. மொத மழைக்கே பல்ல இளிச்சிரும். வெயிட்டு இடுப்புல நிக்கணும். தோள்ல நின்னா நீ சாஞ்சுருவ."

தார்ப்பாய்த் துணி, ஹார்பரில் சரக்கு தூக்கும் பெல்ட், உள்ளே கெட்டி ஸ்பாஞ்சு என்று வேலை ஆரம்பித்தது. தினமும் போனில் ஒரு புது பயம் வரும். "கொரங்கு ஜிப்பத் தொறந்துச்சுனா?" மறுநாள், "எலி கடிச்சா?" அதற்கடுத்த நாள், "மலை மேல இடி வுழுந்தா?"

"இடி விழுந்தா பை என்ன பண்ணும் அண்ணாத்தே?"

"அதான் கேக்கறேன். அப்பறம் இன்னாத்துக்குப் போற?"

ஹார்பரில் ஒரு பெல்ட்டைச் சரக்குக்கு விடுவதற்கு முன்னால், தூக்க வேண்டியதைவிட அதிக பாரம் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்களாம். டபுள் தையலும் பையில் செங்கல் நிரப்பிக் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டார். அதோடு விட்டாரா? "அறுந்தா தச்சவன் தலைலதான் வுழணும்" என்று நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள்! கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, அம்மனை வேண்டிக்கொண்டு, அங்கேயே சாப்பாடு.

"பயந்துகினே குந்திகினு கீறாரு தம்பி. எய்ந்தும் வர மாட்றாரு!" என்று அவர் மனைவி என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார்.

பை அறுந்து விழவில்லை. அவருக்கு நம்பிக்கையும் வரவில்லை. மேம்பாலத்தில்கூட நடந்து ஏறாத மனுஷன், என்னோடு கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, பஸ் மாறி, ஆந்திர எல்லை மலைக்கே வந்துவிட்டார். அருவி, காடு எதையும் பார்க்கவில்லை. என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். பத்தடிக்கு ஒரு முறை "நில்லு!" என்பார். தையலை விரலால் அழுத்துவார். "ம், போ." அந்தச் சத்தத்தில் எந்தப் பறவை உட்காரும்?

ஓடைக்கு மேலே பாசி பிடித்த பாறையில் "நில்லு" பாதியில் நின்றது. திரும்பினால் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். சரிவில் ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார். கீழே இரண்டு ஆள் ஆழத்தில் வெறும் கற்கள். குப்புறப் படுத்து, பையைக் கழற்றி, ஒரு வாரை நான் பிடித்துக்கொண்டு மறுவாரை அவரிடம் இறக்கினேன்.

"புடி அண்ணாத்தே!"

"வேணாம் நைனா! அறுந்துடும்!"

"யோவ், நீதான்யா தச்ச!"

"அதான் பயமா கீது!"

புதர் வேரோடு வர ஆரம்பித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாரைப் பிடித்தார். என் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. அம்மா, அய்யா என்று கத்திக்கொண்டே இழுத்தேன். நெஞ்சு சிராய்த்து, வேட்டி கிழிந்து, மேலே வந்து என்மீதே விழுந்தார்.

"உனக்கு அறிவிருக்கா? உன்னை யாருய்யா மலைக்குக் கூப்பிட்டது?" என்று திட்டினேன். திட்டத் திட்ட எனக்கு அழுகை வந்தது.

அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. விரலால் வாரின் தையலைத் தடவிப் பார்த்தார். "ஒரு நூலுகூட வரல நைனா" என்றார். அப்புறம் பையை மடியில் வைத்து மெதுவாக ஜிப்பைத் திறந்தார்.

உள்ளே என் கேமரா இருந்ததே அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.