மூன்று டிஃபரன்ஷியலும் ஒரு மாமாவும்

உலகத்தில் இதுவரை ஓடிய கார்கள் எல்லாம் ஓடியதற்குக் காரணம் அவற்றின் டிஃபரன்ஷியல். ஓடாமல் நின்ற கார்கள் நின்றதற்குக் காரணம், அந்த டிஃபரன்ஷியலைத் தேர்ந்தெடுத்தவன் தேஜாவாக இல்லாமல் போனது.

1993 தை மாதத்தில், உக்கடத்தில் பீர் முகம்மதுவின் பழைய கார் சாமான் கடையில் நின்று தேஜா இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பீர் முகம்மதுவும் சிரிக்கவில்லை. அவர் முப்பது வருடமாக வியாபாரம் செய்கிறவர்.

தேஜா மெக்கானிக்கல் படித்தவன். கவுண்டம்பாளையத்தில் தாய்மாமன் அரங்கசாமியின் ஷெட்டில், இரண்டு பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தான். என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரு கிழட்டு பியட்டிலிருந்து வந்துவிட்டன. என்ஜினின் சுழற்சியை நீளமான ஷாஃப்ட் வழியாக வாங்கிப் பின்சக்கரம் இரண்டுக்கும் பங்கு வைத்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பூசணிக்காய் அளவு இரும்பு உருண்டைதான் பாக்கி.

கோணிச் சாக்கின்மேல் மூன்று உருண்டைகள் இருந்தன.

"இது ஹெரால்டுங்க தம்பி. இது பியட்டு. இது அம்பாசடரு."

தேஜா சாக்பீஸால் கோடு கிழித்தான். ஒவ்வொன்றையும் கையால் சுற்றி, சுற்றுகளை எண்ணி, நோட்டில் குறித்துக்கொண்டான். அம்பாசடரிடம் வந்ததும் நோட்டை மூடிவிட்டான்.

"இத அக்கட்ட வைங்க பாய். இது காருக்குச் செஞ்சதில்ல, கல்யாண மண்டபத்துக்குச் செஞ்சது. எங்க மாமா ஒரு அம்பாசடர் வெச்சிருக்காரு. பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாது. அதுவும் அழுதுட்டே போகும். போன வாரம் கரும்பு வண்டி முந்துச்சு. அதுக்குப் பின்னாடியே வண்டியில கட்டியிருந்த கன்னுக்குட்டியும் முந்துச்சு."

"மாமா நிதானமானவருங்க."

"மாமா அப்படித்தான் சொல்றாரு."

அந்த நிதானமான மாமாதான் தேஜாவுக்குக் கெடு வைத்திருந்தார்.

"மாப்ளே, மாசித் தேருக்கு நானும் உங்கத்தையும் காரமடை போறோம். அன்னிக்கு உன்ற வண்டி தன்னால ஓடிக் கோயிலுக்கு வந்து சேரோணும். தள்ளக் கூடாது, கட்டி இழுக்கக் கூடாது. வந்துச்சுன்னா ஷெட்டு உனக்கு. வரலீன்னா ஷெட்ட கிரைண்டர் கம்பெனிக்கு உட்டுப்போடுவேன். உன்ற வண்டி பழைய இரும்புக்குப் போயிரும்."

"தேருக்கு முன்னாடியே நான் ஊட்டி போயிட்டு வந்துருவேனுங்க மாமா."

தேஜா ஹெரால்டை எடுத்துப் போனான். அதில் இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக ஆடும், வெளிநாட்டு நுட்பம். மாட்டி முடித்துக் காரில் ஏறி உட்கார்ந்தான். பின்சக்கரங்கள் காலை அகட்டிக்கொண்டு தவளை போலக் குந்தின. ஸ்பிரிங்கில் மூன்று பட்டை சேர்த்தான். இப்போது கார் முட்டி தட்டி நின்றது. பட்டையைக் கூட்டிக் குறைத்து, ஷாஃப்டையும் நாலு விரல் வெட்டிப் பார்த்ததில், ஒருநாள் ஷாஃப்ட் தானாகவே கழன்று தரையில் படுத்துக்கொண்டது.

"வாங்க தம்பி," என்றார் பீர் முகம்மது. "ஹெரால்டு எப்படி?"

"தத்துவம் சரி பாய். உலோகம் சரியில்ல."

பியட் போனது. ஹெரால்டுக்காக வெட்டிய ஷாஃப்ட் இப்போது நாலு விரல் குட்டை. லேத்தில் கொடுத்து ஒட்டு வைத்தான். ஒட்டு ஒரு நூல் கோணல். என்ஜினை முடுக்கியதும் கார் இருந்த இடத்திலேயே சாமியாடியது. பக்கத்து வீட்டு ராசாத்தாளின் அலமாரியிலிருந்து ஆறு டம்ளர் விழுந்தது. ஏழாவது டம்ளர் விழுவதற்குள் டிஃபரன்ஷியலுக்குள் பல் கொட்டிவிட்டது.

"வாங்க தம்பி," என்றார் பீர் முகம்மது. சாக்கின்மேல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தேஜாவும் பார்க்கவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் எதிர்க் கடையைப் பார்த்தார்கள்.

"ஒரு ஆராய்ச்சிக்காகத்தான் பாய்," என்றான் தேஜா.

"ஆராய்ச்சிக்குத்தானுங்க."

பவானி ஜமக்காளம் ஒன்றில் சுற்றி, ஆட்டோவில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டான். பீர் முகம்மது ஓடி வந்தார்.

"தம்பி, ஒரு வார்த்தை. இது வட்டமா இருக்குதுங்களா, மேல கீழ எப்படித் திருப்பி வெச்சாலும் போல்ட்டு மாட்டிக்கும். எந்தப் பக்கம் மேலன்னு சொல்லித் தரட்டுங்களா?"

"பாய், நான் கோல்டு மெடலிஸ்ட்."

"சரிங்க தம்பி."

ஷெட்டில் திருப்பிப் பார்த்தான். இப்படியும் மாட்டியது. அப்படியும் மாட்டியது. திரும்ப உக்கடம் போய்க் கேட்பதா? தங்க மெடல் உறுத்தியது. அப்போதுதான், பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அம்பாசடர் கூப்பிடு தூரத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது.

மாமா வீட்டுக்குப் போனான். அப்போதுதான் மாமா சந்துக்குள்ளிருந்து ரிவர்ஸில் புயலாக வந்து, போர்ட்டிகோவில் கச்சிதமாக நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் கண்ணயர்ந்ததும் தேஜா காருக்கு அடியில் புகுந்தான். எது மேலே, எது கீழே, எந்தப் பக்கம் எத்தனை விரற்கடை, எல்லாவற்றையும் வரைந்துகொண்டான். ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்தான். ஷெட்டுக்கு வந்து வரைந்தது வரைந்தபடி மாட்டினான்.

தேருக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்தது. உருண்டைக்கேற்ற அம்பாசடர் சக்கர அச்சு அகலம். சக்கரங்கள் இரு பக்கமும் அரையடி துருத்திக்கொண்டு நின்றன. அதனால் என்ன? சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. தேஜா முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டான்.

கார் பின்னால் போய் ராசாத்தாளின் வேலியில் முட்டியது.

இரண்டாவது கியர் போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. வேலி போய்விட்டது.

"ஏனுங் தம்பி," என்றாள் ராசாத்தாள், "காரு என்னத்துக்குக் கோவிச்சுக்கிட்டுப் போகுது?"

ரிவர்ஸ் கியர் போட்டான். கார் அழுதுகொண்டே, மெதுவாக, முன்னால் வந்தது.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தான். அடியில் படுத்துப் பார்த்தான். அச்சு அசல். ஓடுகிற காரைப் பார்த்து வரைந்தது எப்படித் தப்பாகும்? ஆகவே தப்பு கியர் பாக்ஸில் என்று முடிவு செய்தான். கழற்றிப் பார்க்க இரண்டு நாள் வேண்டும். தேருக்கு ஒரு ராத்திரிதான் இருந்தது.

விடிந்ததும் ரிவர்ஸ் கியரைப் போட்டுக்கொண்டு காரமடைக்குப் புறப்பட்டான்.

என்ஜின் ஊளையிட்டது. வேகம் எட்டு கிலோமீட்டர். துடியலூர் இறக்கத்தில் பத்து. சைக்கிள்கள் முந்தின. தேருக்குப் போகிற நடைக் கூட்டம் முந்தியது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மாட்டு வண்டிக்காரர் பின்னாலிருந்து, "ஏனுங், கொஞ்சம் ஓரமாப் போனீங்கன்னா..." என்று மரியாதையாகக் கேட்டார். தேஜா ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, போங்க போங்க என்று சைகை காட்டினான். மாடுகள் இரண்டும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின.

காரமடைக்கு அரை மைல் இருக்கும்போது, தன் காரின் அழுகையோடு இன்னொரு அழுகையும் சேர்ந்து கேட்டது. மாமாவின் அம்பாசடர் பக்கத்தில் வந்தது. ஆனால் முந்தவில்லை. இரண்டு காரும் ஜோடியாக, ஒரே வேகத்தில், ஒரே சுருதியில் ஊர்ந்தன.

மாமா தேஜாவின் காரை முன்னிருந்து பின்வரை பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். அவர் முகத்தில் என்னவோ மாறியது.

"முன்னாலதான் ஓடுது," என்றார், அவசரமாக. "ஷெட்டு உனக்குத்தான் மாப்ளே. இதுக்கு மேல பேச்சில்ல."

"அவ்வளவுதானுங்களா மாமா? நிதானமா வர்றதுதானுங்களே நல்லது," என்றான் தேஜா.

"அதத்தான நான் இத்தன வருசமாச் சொல்றேன்!"

ராமாமணி அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏங் கண்ணு, அன்னிக்கு மத்தியானம் எங்க வண்டிக்கு அடியில பூந்து படம் போட்டியே, அதப் பாத்தா மாட்டுன? அந்த உருண்ட, வண்டி வாங்குன வருசமே உங்க மாமா கழட்டித் தலகீழா மாட்டிப்போட்டது. வெளிய சொன்னா மானம் போயிருமுன்னு உங்க மாமா பதினோரு வருசமா ரிவர்ஸ் கியர்லதான ஓட்டிக்கிட்டிருக்காரு!"