வேட்டி மேஸ்திரியும் என் கார் பிரேக்கும்

திருவண்ணாமலையில் கார் வைத்திருந்தவர்களில் மெக்கானிக் வேட்டி மேஸ்திரியைத் திட்டாதவர் ஒருவர்கூடக் கிடையாது. கார் இல்லாதவர்களும் திட்டினார்கள். அவர் கார்களைச் சோதித்துப் பார்த்தது அவர்கள் நடக்கிற ரோட்டில்தானே!

வேட்டி மேஸ்திரி வேட்டி கட்ட மாட்டார். காக்கி அரை டிராயர்தான். பிறகு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கிறீர்களா? என் வயிற்றெரிச்சல் ஆரம்பமாவதே அங்கேதான்.

எழுபதுகளின் கடைசியில், பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்னால், நான் ஒரு வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னைவிட இரண்டே வயது சின்னதான கிழட்டுக் கார். வாடகைக் கார் என்றால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். அதாவது, இந்த வண்டி ரோட்டில் ஓடலாம் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வேலூரிலிருந்து மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். அன்றைக்கு விட்டால் அடுத்த மாதம். அதனால் எல்லோரும் முன்கூட்டியே போளூர் ரோட்டில் இருந்த மேஸ்திரியின் கீற்றுக் கொட்டகைக்கு வண்டியைக் கொண்டுபோவார்கள். ஊரில் வேறு மெக்கானிக்கே இல்லையா? இருந்தார்கள். ஆனால் மேஸ்திரி கை வைத்த வண்டியை இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பியதில்லை.

கார்புரேட்டரை அரைத் திருகு, கால் திருகு என்று திருகிப் புகையைச் சரிபண்ணுவார். சரியாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பார் தெரியுமா? வண்டிக்காரன் தன் வெள்ளை வேட்டியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பட்டாபட்டி டிராயரோடு உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். மேஸ்திரி அந்த வேட்டியைப் புகைக் குழாயில் பிடிப்பார். கறுப்பு விழுந்தால் மறுபடியும் திருகல், மறுபடியும் வேட்டி.

"ஏன் மேஸ்திரி, ஒரு பழந்துணிய வெச்சுப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பழந்துணி கறுத்தா உனக்கு இன்னா வலிக்கப் போவுது? உன் வேட்டி கறுத்தாத்தாம்பா நீ வண்டிய ஒழுங்கா வெச்சுக்குவ."

அதோடு விட்டாரா? வேட்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இன்னாபா, கிருஷ்ணாயில் வாசன வருது? பெட்ரோல்ல கலந்தியா?"

"சத்தியமா இல்லீங்க மேஸ்திரி."

"நீ இல்லன்ற. உன் வேட்டி ஆமான்னுது."

கலந்திருந்தேன்தான். யார்தான் கலக்கவில்லை? அதற்காக அதைத் தொண்டை கிழியவா சொல்வது! எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் அந்த வாரமே வேறு கார் பார்த்துக்கொண்டார்கள்.

பிரேக் சோதனை இதைவிட அநியாயம். மலை சுற்றும் ரோட்டில், அடி அண்ணாமலைப் பக்கம் ஆள் நடமாட்டம் கம்மியான இடத்தில், வண்டிக்காரனை நடுரோட்டில் நிற்க வைப்பார். தூரத்திலிருந்து காரை விரட்டிக்கொண்டு அவன் மேலேயே வருவார். ஒரு முழம் இருக்கும்போதுதான் பிரேக்கை மிதிப்பார். கண்ணை மூடக் கூடாது. மூடினால் இன்னொரு தரம்.

"உன் பிரேக்க நீயே நம்பலன்னா, ஏறி உக்கார்ற ஜனம் எப்படிப்பா நம்பும்?"

அங்கே மரத்தடியில் எப்போதும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சாமியார் ஒருவர், என் முறை வந்த அன்று எழுந்து மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். முற்றும் துறந்தவருக்கே அந்தப் பயம் என்றால் எனக்கு இருக்காதா?

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். அந்த ஒரு எஃப்.சி. நாளை மட்டும் மன்னிக்க முடியாது.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணைத் திருவண்ணாமலை மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். பெண்ணின் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். என் பழைய எஃப்.சி. அன்றோடு முடிகிறது. மேஸ்திரி முதல் நாளே வேலையை முடித்து, என் புது வேட்டியையும் சேர்த்து முடித்து, வண்டியைக் கொடுத்துவிட்டார். எஃப்.சி. பார்க்கும் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், தலையாட்டினார். பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது ஒரு சைக்கிள் மைதானத்துக்குள் பாய்ந்து வந்தது.

"சார்! கையெழுத்து போட்டுடாதீங்க! பிரேக்கு சரியில்ல!"

மேஸ்திரிதான். தான் பார்த்த வேலையைத் தானே குற்றம் சொல்லும் மெக்கானிக்கை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இன்ஸ்பெக்டரே திகைத்துப்போனார்.

"நல்லாத்தானேய்யா புடிக்குது?"

"புடிக்குது சார். முன்னாடி இடது சக்கரம் மட்டும் ஒரு இமைப்பொழுது லேட்டா புடிக்கும். சாப்புட உக்காந்தேன், அப்பத்தான் ஒறச்சுது." அவர் விரல்களில் சோற்றுப் பருக்கை காய்ந்துபோய் ஒட்டியிருந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "யோவ் மேஸ்திரி! நாளைக்கு நான் பொண்ணு அழைக்கப் போவணும்யா! உனக்கு நான் இன்னாய்யா துரோகம் பண்ணேன்?"

"அதுக்குத்தாம்பா ஓடியாந்தேன். பொண்ண ஏத்துறது பெருசா? ஏறினவங்க இறங்கணும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அதன்பின் நான் திட்டிய திட்டை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது. மேஸ்திரி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே ஜாக்கியைக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, கொளுத்தும் வெயிலில் மண்ணில் படுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எல்லா வண்டிகளையும் பார்த்து முடித்து ஜீப்பில் ஏறும்போது குறுக்கே போய் நின்றார்.

"ஒரே ஒரு தரம் பாத்துட்டுப் போங்க சார்."

"மறுபடி ஓட்டிப் பாக்க நேரமில்லய்யா."

"நீங்க ஓட்ட வாணாம். இங்கியே நில்லுங்க, அவன் ஓட்டுவான்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போய், மைதானத்தின் நடுவில் என் காருக்கு எதிரே நின்றுகொண்டார்.

"வாப்பா! உன் கோவத்த எல்லாம் வெச்சு ஓட்டிக்கினு வா. ஒரு முழத்துல மிதி."

ஓட்டினேன். பாழாய்ப்போன என் வேட்டிகள், ஓடிப்போன வாடிக்கைக்காரர்கள், நடுரோட்டில் நான் நடுங்கிய நடுக்கம் எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தன. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். மேஸ்திரி கண்ணை மூடவில்லை.

கார் ஆணி அடித்தாற்போல் நின்றது. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இம்மியும் இழுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பெண் ஏறினாள், மண்டபத்தில் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

ஆனால் அன்று மைதானத்தில் மேஸ்திரிக்குத் திருப்தி இல்லை. தனக்கும் காருக்கும் நடுவில் இருந்த தரையைக் காலால் அளந்து பார்த்தார். முழுசாகப் பத்தடி.

"இன்னாபா இது? ஒரு முழத்துல மிதின்னா இவ்ளோ தூரத்துலியே மிதிச்சுட்ட? நான் பண்ண பிரேக்கோட அரும இன்ஸ்பெக்டருக்கு எப்படிப்பா தெரியும்?"

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். மேஸ்திரி, உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எதிரே நின்றது நீங்கள் அல்லவா? ஒரு முழம் வரைக்கும் பொறுத்திருக்க என் காலுக்கு மனசு வரவில்லை.