ஜன்னல் வழியே வந்த சம்பந்தம்

அலுவிகாரை, மாத்தளை.
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள நோனா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் இவர் முத்தலிப்பும் மகள் நிஹ்லாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். நாலந்தாவில் நீங்களும் மச்சானும், முக்கியமாக உங்கள் வலது முழங்காலும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். போனில் என் வசனம் பாதியில் நிற்கும்போதே நீங்கள் உங்கள் வசனத்தைத் தொடங்கிவிடுகிறீர்கள். வட்ஸ்அப்பில் நான் ஒரு நிமிடம் பேசி அனுப்பினால் ஏழு நிமிடத்துக்குப் பதில் வருகிறது. கடிதத்தில் மட்டும்தான் நான் முடிக்கும்வரை உங்களால் குறுக்கே பேச ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை நிஹ்லாவைப் பெண் பார்க்க வந்தார்களே, அதைப் பற்றி உங்கள் காதுக்கு இதற்குள் நாலு விதமாகச் செய்தி வந்திருக்கும். நடந்தது இதுதான் என்று நான் எழுதிவைக்கிறேன். ரிஸ்வியின் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள், அவருடைய உம்மா ஜஸ்லா உங்கள் சிநேகிதி. அதனால்தான் போன மாதமே சொல்லிவிட்டீர்கள்: "ஸஜீ, அந்தக் கோழிக்கூட்டுக்கு மட்டும் அவங்களக் கூப்பிட்டுடாத. நாலந்தாவுக்கு வந்து எங்கட ஹோல்ல வச்சுப் புள்ளயப் பாக்கட்டும். அந்த ஊட்டப் பாத்தா ஜஸ்லா வாசலோட திரும்பிப் போயிடுவா." நான் மறுத்தேன். பிள்ளை தன் கையால் வரைந்து கட்டிய வீடு. அதைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் இப்போதே திரும்பிப் போவது நல்லது என்று நினைத்தேன். ஆனால் ராத்தா, நீங்கள் சொன்னபடி அவர்கள் வாசலோடு திரும்பவில்லை. வாசலால் உள்ளே வரவே ஏலவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். வாப்பாவின் காணி ஐந்து பங்காகி என் பங்குக்கு இரண்டரை பேர்ச் வந்தபோது, அதில் ஆட்டோ ஒன்றை நிறுத்தினால் கதவைத் திறந்து இறங்க ஏலாது என்று சிரித்தவர் நீங்கள். நானும் நம்பவில்லை. பேராதனையில் நாலு வருடம் புவியியல் படித்துவிட்டு, இருபத்திரண்டு வருடமாக அதையே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். வரைபடத்தை நம்பிக் காலை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நிஹ்லா கொழும்பில் உள்ளக வடிவமைப்புப் படித்து முடித்துவிட்டு வந்து, "உம்மா, இது வருங்காலத்து ஊடு. ஒவ்வொரு சாமானும் மூணு வேல செய்யும். தரையில ஒண்டும் இருக்காது, வெறுமைதான் பிளேன்" என்றாள். "வெறுமைக்கு எதுக்கு மகள் ஒன்பது மாசம்?" என்று கேட்டேன். ஆனால் முடிந்ததும் பார்த்தேன். பரணுக்கு ஏறும் படிகள் ஒவ்வொன்றும் ஒரு டிராயர். சோபாவை நிமிர்த்தினால் புத்தகத் தட்டு. புத்தகத் தட்டைத் தள்ளினால் அது சுவராகி ஒரு கூடம் இரண்டு அறையாகும். சமையல் மேசை ஜன்னலுக்கு வெளியே நீண்டு மடிந்தால் படிக்கட்டு. விளக்குக்குப் பொத்தான் இல்லை, கை தட்டினால் எரியும். (பக்கத்து வீட்டில் றொட்டி தட்டும் நேரத்தில் எங்கள் வீட்டைப் பார்த்தால் விளக்கு மின்னும் கந்தூரி வீடு மாதிரி இருக்கும். அதைத் திருத்துகிறாளாம்.) எங்கள் குடும்பத்தில் இப்படி ஒன்றை யோசித்தவர்கள் யாரும் இல்லை ராத்தா. இதை அவளிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

பிழை என்று சொல்வதானால் கட்டிலில்தான் தொடங்கியது. சுவரோடு நிமிர்ந்து நிற்கும் கட்டில், இழுத்தால் இறங்கும். வெளிச்சத்துக்காக அதைக் கிழக்குச் சுவரில் பொருத்தியிருந்தாள். குடி வந்த முதல் நாள், முத்தலிப் மிளகுக் கடையைப் பூட்டிவிட்டு வந்து பகல் தூக்கத்துக்குச் சாய்ந்தவர், பாம்பு கடித்தது போல் எழும்பினார். "ஸஜீதா, தல சுவர்ப் பக்கம்! அப்ப கால் எங்க நீட்டியிருக்கு?" கால் நேராக, நாம் தொழும் திசையான கிப்லாவை நோக்கி நீட்டியிருந்தது. ஒரு புவியியல் ஆசிரியை, ஒன்பது மாதம் அந்த வீட்டுப் பிளேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மேற்கு எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. தலையணையை மறுபக்கம் போட்டுப் பார்த்தோம், தலை கேஸ் அடுப்புக்குக் கீழே போனது. தச்சு வேலை செய்த லெட்சுமணன் பாஸைக் கூப்பிட்டால், "நான் அன்னைக்கே கேட்டேனுங்க டீச்சர், தலமாடு எந்தப் பக்கம்னு. பாப்பா 'வெளிச்சம் வர்ற பக்கம்'னு சொல்லிருச்சு. நம்ம சாமிக்குத் திசை பாக்கிறதில்லீங்க, நான் என்னத்தக் கண்டேன்" என்று சொல்லி, இரண்டு நாளில் கழற்றி மேற்குச் சுவருக்கு மாற்றித் தந்தார். மேற்குச் சுவரில் மிச்சமிருந்த ஒரே இடம் வாசல் கதவுக்குப் பக்கம். அன்றிலிருந்து கட்டில் இறங்கினால் கதவு திறக்காது, கதவு திறந்தால் கட்டில் இறங்காது. மூன்று பேர் உள்ள வீட்டில் இது பெரிய விஷயமா என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களை ளுஹர் தொழுகைக்குப் பிறகு, ஒன்றரை மணிக்கு, பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். ஒன்பது பேர். சோற்றுச் சட்டியும் கறிச் சட்டிகளும் சமையல் மேசையில் கொள்ளவில்லை. நிஹ்லா குளித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு மேலே "இதில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாது" என்று அவள் எழுதி ஒட்டிய காகிதத்தை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, வீட்டிலேயே பெரிய பரப்பு அதுதான் என்பதால் கட்டிலை இறக்கி, பழைய விரிப்பைப் போட்டு, எல்லாவற்றையும் வரிசையாக அதில் வைத்தேன். சாமானுக்கு மூன்று வேலை என்றால் நாலாவது வேலை ஒன்றைக் கண்டுபிடித்தது நான் என்று அந்த நேரம் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வேன் வந்து நின்றது. வழியில் நெரிசல் இருக்கும் என்று அக்குறணையிலிருந்து நேரத்தோடு புறப்பட்டார்களாம், அன்றைக்குப் பார்த்து வீதியில் ஒரு வாகனம் இல்லையாம். நான் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தரைக்கு இறக்கினேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும், முத்தலிப் இன்னும் ஒன்று பாக்கி இருப்பதைப் பார்க்காமல் கட்டிலைத் தூக்கிவிட்டார். பாக்கி இருந்தது முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். முழுத் தாச்சிச் சட்டியும் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இறங்கி, கட்டிலைத் தாங்கும் இரும்புக் கையில் மாட்டிக்கொண்டது. கட்டில் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சாய்ந்த கூரை மாதிரி நடுவில் நின்றது. கதவு நாலு விரல் அகலம் திறந்தது.

அந்த நாலு விரல் இடைவெளியால் ஒரு கை உள்ளே வந்தது. ரிஸ்வியின் மாமா, அந்தப் பெரிய ஹாஜியாரின் கை. முத்தலிப் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாக ஸலாம் கொடுத்தார். வெளியிலிருந்து குரல் வந்தது. "முத்தலிப் நானா, நோனா ராத்தா சென்னாங்க புதுமாதிரி ஊடு எண்டு. எங்கயாவது பொத்தான் அமத்தணுமா?" முப்பது வருடம் மிளகு நிறுத்தும் இவர், தராசில் ஒரு நாளும் பொய் சொல்லாத மனிதர், சொன்னார்: "இது காத்துக்கு உள்ள கதவு ஹாஜியார். ஆக்களுக்கு வழி அந்தப் பக்கத்தால."

அந்தப் பக்கத்தில் சமையலறை ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது. தலை துவட்டிக்கொண்டு வந்த நிஹ்லா ஒரு தரம் கட்டிலைப் பார்த்தாள், ஒரு தரம் என்னைப் பார்த்தாள். ஷோலைத் தலையில் சுற்றிக்கொண்டு போய், சமையல் மேசையை வெளியே நீட்டி மடித்துப் படிக்கட்டாக்கினாள். பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் தலை குனிந்து தேத்தண்ணீர்த் தட்டோடு வருவதுதான் நம்முடைய வழக்கம். இவள் ஜன்னலில் நின்று மாமியாராக வரப்போகிறவருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். "மாமி, வலது காலை இதில வைங்க. ஆடாது. நூத்திருபது கிலோ தாங்கும்."

"நான் அவ்வளவு இல்ல மகள்!"

"தெரியும் மாமி, எண்டாலும் சொல்லி வைக்கிறன். இப்ப இடது கால்."

ஜஸ்லா ஏறினாள், ராத்தா. அபாயாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ், அம்பத்திரண்டு வயசில ஜன்னலால பூந்து ஒரு மருமகளப் பாக்க வச்சிட்டியே" என்று சிரித்துக்கொண்டே ஏறினாள். பின்னால் அவளுடைய இரண்டு சகோதரிகள், பிறகு ஆண்கள். கடைசியில் ரிஸ்வி. ஹாஜியார் மட்டும், "மாத்தளைல ஊடு கட்டுறவங்க வாசல் வைக்கிறதில்லையா?" என்று கேட்டார்.

உள்ளே வந்தார்கள். உட்கார ஒரு நாற்காலி இல்லை, சோபா அப்போது புத்தகத் தட்டாக நின்றது. நிஹ்லா பாயை விரித்தாள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு ஸஹன் தட்டு வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஒருவருடைய முழங்காலும் ஒரு சாமானில் இடிக்கவில்லை. "நோனாட ஊட்டுல ஸஹன் வைக்கிறதெண்டா முதல்ல நாலு சோபாவ முற்றத்துக்குத் தூக்கணும்" என்று ஜஸ்லா சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் பங்கு இதில் ஒன்றுமில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது சாய்ந்து நின்ற கட்டிலிலிருந்து ஏதோ ஒரு துளி ஹாஜியாரின் தொப்பியில் விழுந்தது. பிறகு இன்னொரு துளி. அவர் தொப்பியைக் கழற்றி, விரலால் தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். "வட்டிலப்பம்!" என்றார். முத்தலிப் வாயைத் திறந்தார். அடுத்த பொய் வருவதற்குள் நிஹ்லா எழுந்து நின்றாள். "மாமா, அது கட்டில். வட்டிலப்பத்தோட தூக்கினதில இறுகிப் போச்சு. காத்துக் கதவு எண்டு ஒண்டு இல்ல, அது வாசல்தான். கட்டில முதல்ல பிழையான சுவரில வச்சது நான். கிப்லாவப் பாக்காமப் பிளேன் கீறிட்டன். அதத்தான் இன்னும் சரியாத் திருத்தி முடிக்கல்ல."

சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நாற்பத்தெட்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். ஜஸ்லா சோற்றுக் கையோடு நிஹ்லாவைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்: "எங்கட மேல்மாடில மூணு அறை பூட்டிக் கெடக்கு மகள். ஒண்டுலயும் திரும்ப ஏலாத அளவுக்குச் சாமான். அதை இப்பிடிச் செஞ்சு தர ஏலுமா ஒனக்கு?" அளவு பார்க்காமல் சொல்ல ஏலாது என்றாள் இவள். வெள்ளிக்கிழமை வந்து அளவெடு என்றாள் அவள். பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் பத்து நிமிடம் பேசட்டும் என்றார்கள். இந்த வீட்டில் எங்கே பேசுவது என்று நான் தடுமாறும்போதே நிஹ்லா புத்தகத் தட்டைத் தள்ளினாள். ஒரே விநாடியில் அவர்களுக்கு ஒரு அறை. ஹாஜியார் "மாஷா அல்லாஹ்" என்றார், கை தட்டினார், விளக்கு எரிந்தது, மறுபடி "மாஷா அல்லாஹ்" என்றார். நாங்கள் ஒட்டுக்கேட்கிறோம் என்று நினைக்கக்கூடாதென்று முத்தலிப் மிளகு விலையைப் பற்றி உரத்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். சுவர் விலகியபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ராத்தா, அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகும்போதும் ஜன்னலால்தான் போனார்கள். ஜஸ்லா கைத்தாங்கல் இல்லாமல் இறங்கினாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ்வை வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மச்சானோடு கலந்து பேசி நாள் ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் ஹோல் பெரியதுதான், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் என் பிள்ளை, தான் கட்டிய கூரைக்குக் கீழே நின்று, தன் பிழையைத் தானே சொல்லி, ஒரு சம்பந்தத்தையும் ஒரு வேலையையும் ஒரே நாளில் பெற்றுக்கொண்டாள். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

மச்சானுக்கு என் ஸலாம். உங்கள் முழங்காலுக்கு ஷிஃபா கிடைக்கட்டும். அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளிலும் பரக்கத்தை இறக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
ஸஜீதா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் நிஹ்லாவிடம் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறீங்க உம்மா. ஆனா இந்தக் கலியாணத்துக்கு நான் சரி எண்டு ஆர் சென்னது?" என்றாள். சிரித்தாயே என்றேன். "அவர் ஒரு கேள்வி கேட்டாரு. 'எல்லாம் நல்லாத்தான் ஈக்கி, ஆனா இதுகள ஒவ்வொரு நாளும் ஆர் மடிச்சு ஆர் விரிக்கிற?' நான் 'ரெண்டு பேரும்' எண்டன். அவர் பகிடி எண்டு நெனச்சுச் சிரிச்சாரு. நிக்காம சிரிச்சாரு உம்மா. அதப் பாத்துத்தான் எனக்கும் சிரிப்பு வந்திச்சு."

இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் எங்கள் கட்டிலை விரித்தவள் நான் ஒருத்தி மட்டும்தான், ராத்தா. ஆகவே மேலே நிக்காஹ் என்று எழுதியதையெல்லாம் வெட்டிவிட்டு வாசியுங்கள். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள்தான், ஜஸ்லாவிடம் மாப்பிள்ளை வேண்டாம் என்பதையும் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். மேல்மாடியை அளவெடுக்க நிஹ்லா வெள்ளிக்கிழமை வருகிறாள் என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன். ஏமாற்றி ஒரு வீட்டை அளவெடுக்க ஏலாது, வியாழக்கிழமைக்குள் நோனா பெரியம்மா சொல்லிவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். பிள்ளை சொல்வது நியாயம்தான். ஆனால் கடிதம் எழுதுகிறவள் நான். சனிக்கிழமை சொன்னால் போதும்.