மூடி திறவாத ஒயினும் நண்டு வறுவலும்

கார்த்திகை மாத முதல் வாரத்தில், புதுக்கோட்டையில் உள்ள விருந்தினர் உபசரிப்புப் பிரிவுக்கு ஓர் ஆணையும் ஓர் அட்டைப்பெட்டியும் வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் ஸ்பெயின் நாட்டு ஒயின் ஆலை ஒன்றின் நான்கு பாட்டில்கள்: வெள்ளை, இளஞ்சிவப்பு, புதுச்சிவப்பு, பழஞ்சிவப்பு. ஆலை முதலாளி தொழில் தொடங்க இடம் பார்க்க வருகிறாராம். எந்த ஒயினுக்கு இம்மாவட்டத்தின் எந்தப் பண்டம் பொருந்தும் என்பதைத் தக்க நபரைக் கொண்டு ஆராய்ந்து, பத்து நாளில் அறிக்கை அனுப்ப வேண்டியது.

தக்க நபர்கள் அந்த அலுவலகத்தில் ஐந்து பேருக்குக் குறையாது. அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளத்தான் ஆளில்லை. அதிகாரி ரகுநாத்தோ சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். சுற்றிச் சுற்றி எல்லார் கண்ணும் டயானா மேல் வந்து நின்றது. மாதா கோயில் உள்ள ஆவூர்க்காரி. ஆறு வருஷமாகத் தற்காலிகத் தட்டச்சர்.

"சாமி, இங்கிட்டு வாங்க." மாலை போட்டதிலிருந்து ரகுநாத்துக்கு எல்லாரும் சாமி. "சர்ச்சுல வாராவாரம் ஒயின் சாப்பிட்டுப் பழக்கம் இருக்கும்ல?"

"அத ஃபாதர்தாங்க சாமி குடிப்பாரு. எங்களுக்கு அப்பம் மட்டுந்தான்."

"குடிக்கிறதப் பாத்திருக்கீங்கள்ல?"

"பாத்திருக்கேன்."

"போதும். இங்க மத்தவங்களுக்கு அந்த அனுபவம்கூட இல்ல. உங்க பர்மனென்ட் ஃபைலு என் மேசையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க."

டயானா பெட்டியைத் தன் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த சிக்கல் விதிகளில் வந்தது. அலுவலக வளாகத்துக்குள் மதுவைத் திறக்கக் கூடாது. அரசுப் பொருளை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோகவும் கூடாது.

"அப்ப எங்கதாங்க சாமி தெறக்கிறது?"

"எதுக்குத் தெறக்கணும்? பொருந்துதான்னுதானே கேட்டிருக்காங்க? குடிச்சுப் பாருன்னு ஆணையில எங்கயாவது இருக்கா?"

கூடவே வந்த கையேடு ஸ்பானிஷில் இருந்தது. செல்போனைக் காட்டினால் தமிழில் வரும் என்றாள் டயானா. அயல்மொழி ஆவணத்தை மேலிட அனுமதியின்றி மொழிபெயர்க்கலாகாது என்று பதில் வந்தது.

ஆகவே, ஜெகதாப்பட்டினத்து நண்டை வறுத்து, வெள்ளை ஒயின் பாட்டிலுக்கு அருகில் பதினொரு மணிமுதல் ஒரு மணிவரை வைத்தார்கள். டயானா நோட்டோடு எதிரில் உட்கார்ந்து கண்காணித்தாள். 'இரு தரப்பிலும் ஆட்சேபணை எழவில்லை' என்று பதிவு செய்தாள். ஆய்வு முடிந்த நண்டை வீணாக்குவது முறையல்ல என்பதால் ஊழியர்கள் கடமையுணர்வோடு அதைத் தின்று தீர்த்தார்கள்.

"நண்டு சரிம்மா," என்றார் கண்காணிப்பாளர் ராஜலட்சுமி, விரலைச் சூப்பிக்கொண்டே. "எறாலப் பாக்காம எப்படி முடிவுக்கு வாரது?"

மறுநாள் இறால். இளஞ்சிவப்புக்கு உள்ளூர் முட்டை மசாலாவான முட்டை மாஸ். சிவப்புகளுக்கு நாட்டுக்கோழியும் ஆட்டுக்கறிச் சுக்காவும். பிறகு மறு ஆய்வு, மேல் மறு ஆய்வு. மூன்று மாதமாக மருத்துவ விடுப்பில் இருந்தவர்கூட வந்து சேர்ந்தார். விரதக்காரரான ரகுநாத் ஆதனக்கோட்டை முந்திரியோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் மோர் டம்ளரைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்த பிறகே குடித்தார். உலகமே இப்போது இப்படித்தான் குடிக்கிறது என்றார். மாலைக்குள் அலுவலகமே டீயைச் சுழற்றியது. நான்கு சட்டைகள் பாழாயின.

டயானா மட்டும் டீயைத் தொடாமல் ரகுநாத்தின் மேசைக்குப் போனாள்.

"சாமி, வாரவரு குடிச்சுட்டு நல்லால்லன்னா?"

"அறிக்கையில யார் கையெழுத்து?"

"என்னோடது."

"அப்ப எங்களுக்கு என்ன பயம்?"

விருந்து நாள். ஸ்பெயின்காரர் நண்டை ஒரு கடி கடித்தார். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெரியநாயகி மாதாவே, என் வேலை போச்சு என்று டயானா ஓரமாக நின்று சிலுவை போட்டாள். அவர் வெள்ளை ஒயினை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார். அந்தக் காரத்துக்கு எதை ஊற்றியிருந்தாலும் குடித்திருப்பார், பாவம்.

"இப்படியொரு பொருத்தத்த எங்க நாட்டுலயே பாத்ததில்லங்கிறாரு," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மேலிடம் மகிழ்ந்தது. 'மூடி திறவா ஆய்வுமுறை' சிக்கனமானது, விரைவானது, எல்லாத் துறைகளுக்கும் ஏற்றது என்று சுற்றறிக்கை பறந்தது. டயானாவுக்கு நிரந்தர ஆணை வந்தது. ஆய்வாளர் என்ற பதவியும் கூடவே வந்தது. ஆறு வருஷத்துக்கும் சேர்த்து அன்று அழுதாள், சிரித்தாள், அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தாள்.

முதல் கோப்பு மறுநாளே வந்தது. அவள் தெருவிலுள்ள குடிநீர்த் தொட்டிக்குத் தரச்சான்று.

"ஏணி வச்சு ஏறி மூடியத் தெறந்து பாத்துட்டு வந்துரட்டுங்களா, சாமி?"

"நீங்க கண்டுபிடிச்ச முறைய நீங்களே மீறலாமா?"

டயானா பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். நிரந்தர ஆணையின் மை காய்ந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் வீட்டுக்குப் போனதும் அம்மா சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"காய்ச்சுன தண்ணியாம்மா?"

"எதுக்குடி காய்ச்சணும்? தொட்டியில ஒன் கையெழுத்தோட சீட்டு ஒட்டியிருக்காங்க. டயானா பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு தெருவே காய்ச்சுறத நிறுத்திருச்சு. குடி."